கப் ஃபைனலுக்கு ஊரில் திரை கட்டப் போகிறீர்களா?

குமரி மாவட்டத்துக் கொல்லங்கோட்டில் சின்னதாக ஒரு மைக் செட் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், கோயில் கொடை, சர்ச் திருவிழா, தேர்தல் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் பாக்ஸ் கட்டியவன்தான். இருந்தாலும் முந்தின இரவு தூக்கம் வராத வேலை ஒன்று உண்டென்றால், அது கப் ஃபைனலுக்குத் திரை கட்டுவது. கல்யாண வீட்டில் ஐந்து நிமிடம் மைக் போனால் நாலு பேர் சந்தோஷப்படுவார்கள். ஃபைனலில் போனால் ஊருக்குள் நடக்க முடியாது. எனக்குப் போனது. எப்படிப் போனது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

2023 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. டூரண்ட் கோப்பைக் கால்பந்து ஃபைனல், கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில். அந்த ஊரின் பரம எதிரிக் கிளப்புகளான மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும். இரண்டு கிளப்பும் அதுவரை ஆளுக்கு 16 முறை அந்தக் கோப்பையை வென்றிருந்தன, அன்றைக்கு ஜெயிப்பவர் முந்திவிடுவார். திரை கட்டிய இடம் நீரோடி, மேற்குக் கடலோரத்தில் தமிழ்நாட்டின் கடைசி ஊர். அதைத் தாண்டினால் கேரளத்துப் பொழியூர். வங்காளத்துச் சண்டைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். பக்கத்து இரவிபுத்தன்துறைக்காரர் மைக்கேல் சூசைராஜ் மோகன் பகானின் பச்சை-மெரூன் சட்டை போட்டு ஆடியவர், அதனால் பாதி ஊர் மோகன் பகான். மீதிப் பாதிக்கு சென்னைப் பையன் நந்தகுமார். அதே தொடரின் லீக் ஆட்டத்தில் அவர் அடித்த ஒற்றைக் கோலில்தான், எட்டு டெர்பிகளாக, அதாவது இந்த இரண்டு கிளப்பும் மோதிய எட்டு ஆட்டங்களாக, வெல்ல முடியாமல் கிடந்த ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. நானும் அன்றிலிருந்து ஈஸ்ட் பெங்காலின் சிவப்பு-மஞ்சள்தான்.

முதலில் ஆட்ட நேரத்தைப் பாருங்கள். திரையை முடிவு செய்வது அதுதான். அன்றைக்கு ஆட்டம் மாலை 4 மணிக்கு. வெட்டவெளியில் புரொஜெக்டர் வைத்தால் வெள்ளைத் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எத்தனை லுமென்ஸ் வெளிச்சம் என்று கடைக்காரர் சொன்னாலும் சூரியனோடு போட்டி போட முடியாது. பகலில் எல்.இ.டி. வால், அதாவது விளக்குப் பெட்டிகளை அடுக்கிக் கட்டும் திரை, ஒன்றே வழி. பெட்டி ஒன்று அரை மீட்டர்க்கு அரை மீட்டர். அகலத்துக்கு ஏழு, உயரத்துக்கு நான்கு அடுக்கினால் டி.வி. படத்தின் அளவுக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கும். பி-4 வகை (புள்ளிக்குப் புள்ளி நான்கு மில்லிமீட்டர்) என்றால் முதல் வரிசை நான்கு மீட்டராவது தள்ளி இருக்கட்டும், இல்லையென்றால் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். முன்னால் வந்து உட்காரும் சிறுசுகளை நகர்த்துவது தனி வேலை, அதற்கு ஒரு மாமியைப் போடுங்கள். வாலன்டியர் பையன்கள் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

திசையும் முக்கியம். திரையின் முகம் மேற்கே இருந்தால் மாலை வெயில் நேராக அதன்மேல் விழும். கிழக்கே திருப்பினால் பார்ப்பவர்களின் கண்ணில் விழும். ஒரு பெரிய கட்டடத்தின் கிழக்குச் சுவரை ஒட்டிக் கட்டுங்கள். கட்டட நிழல் திரைமேலும் விழும், ஆட்கள்மேலும் விழும். பங்குத்தந்தையிடம் கேட்டு சர்ச்சின் கிழக்குப் பக்கத்தைத்தான் வாங்கினோம்.

இனி கரண்ட். இந்த இடத்தில்தான் நான் விழுந்தேன்.

மேலே சொன்ன அளவுத் திரை உச்சத்தில் ஐந்து, ஐந்தரை கிலோவாட் இழுக்கும். ஊர் லைனை நம்பாமல் 10 கே.வி.ஏ. ஜெனரேட்டர் கொண்டுபோயிருந்தேன். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. பத்தே வினாடியில் ஜெனரேட்டருக்கு மாற்றிவிட்டேன், திரையும் வந்துவிட்டது. ஆனால் டிஷ்ஷின் செட்டாப் பெட்டி அணைந்து அணைந்து எரிகிறது. அது முழுதாக எழுந்து சேனலைக் காட்ட இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அன்றைக்கு எழவே இல்லை. முந்நூறு பேர் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பதற்றத்தில் மொபைலைச் செருகி ஆப்பில் ஆட்டத்தைப் போட்டேன். படம் வந்தபோது மோகன் பகானில் பத்துப் பேர்தான் நின்றார்கள். 62ஆவது நிமிடத்தில் அனிருத் தாப்பா சிவப்பு அட்டை வாங்கி வெளியே போயிருக்கிறார், எங்கள் ஊரில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

அதோடு விட்டதா? ஆப்பில் வரும் படம் டிஷ்ஷைவிடப் பின்தங்கி வரும், அரை நிமிடம்கூட ஆகலாம். பொழியூர்ப் பக்கத்துக் கிளப்பிலும் அன்றைக்குத் திரை உண்டு, அங்கே டிஷ் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அந்தப் பக்கமிருந்து ஓர் ஆர்ப்பரிப்பு, வெடிச் சத்தத்தோடு. எங்கள் திரையில் பந்து நடு மைதானத்தில் சும்மா உருண்டுகொண்டிருக்கிறது. யாரோ கோல் போட்டாயிற்று என்று எல்லோருக்கும் தெரியும், யார் என்றுதான் தெரியாது. அப்புறம் மோகன் பகானின் பெட்ராட்டோஸ் பந்தை எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினார். அவர் உதைப்பதற்கு முன்பே பச்சைச் சட்டைக்காரர்கள் நாற்காலிமேல் ஏறிவிட்டார்கள். 71ஆவது நிமிடம், ஒரே கோல், அதிலேயே கோப்பை போனது. வாழ்க்கையில் ஒரு கோலை இப்படி அணு அணுவாகக் காத்திருந்து வாங்கிக் கட்டிக்கொண்டதில்லை.

ஆகவே இரண்டு காரியம். செட்டாப் பெட்டிக்கென்று கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யு.பி.எஸ். ஒன்று தனியாக வையுங்கள். கரண்ட் மாறும்போது திரை அணைந்து எரியலாம், பெட்டி அணையவே கூடாது. அடுத்தது, ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே பக்கத்து ஊர் ஆளுக்குப் போன் போட்டு, ஏதாவது நேரலைச் சேனலில் இரண்டு பக்கமும் ஒரே காட்சி ஒரே நேரத்தில் வருகிறதா என்று பாருங்கள். நீங்கள் பின்தங்கினால் மாற்றுங்கள். ஆப்பை இரண்டாவது இன்புட்டில் தயாராக வைத்திருப்பது நல்லதுதான், பெருமழையில் டிஷ் சிக்னல் போகும். மழை விட்டதும் மறக்காமல் டிஷ்ஷுக்கே திரும்பிவிடுங்கள். ஆப் ஓடும்போது நெட் தடைபடாமலிருக்க, கூட்டத்திடம் மொபைல் டேட்டாவை அணைக்கச் சொல்லி மைக்கில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பாதிப் பேர் கேட்பார்கள்.

பெட்டிக்கும் திரைக்கும் நடுவே சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிளை இருபது மீட்டருக்கு இழுக்காதீர்கள், படம் சிமிட்டும். பெட்டியைத் திரைக்குப் பின்னாலேயே வைத்துவிட்டால் தொல்லை இல்லை. எர்த் கம்பி அடிக்காமல் ஜெனரேட்டரைத் தொடவே வேண்டாம், கடற்கரை மணல் ஈரம் விளையாட்டல்ல. மழைக்குத் தார்ப்பாய் இரண்டு.

நடு இரவு ஃபைனல் என்றால் கணக்கே வேறு. 2025 ஏப்ரலில் செவில்லில் பார்சிலோனாவும் ரியல் மாட்ரிட்டும் மோதிய கோபா டெல் ரே என்ற ஸ்பெயின் கோப்பை ஃபைனல் நமக்குப் பின்னிரவு 1.30க்குத்தான் தொடங்கியது. கூடுதல் நேரத்துக்குப் போய், 116ஆவது நிமிடத்தில் பார்சிலோனாவின் கூண்டே அடித்து 3-2 என்று முடியும்போது நான்கு மணியை ஒட்டிவிட்டது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை வெளியே ஒலிபெருக்கி வைக்கச் சட்டம் அனுமதிக்காது. ஆகவே மூடிய ஹாலுக்குள், சத்தத்தைக் குறைத்து. அங்கே புரொஜெக்டரே போதும், செலவும் கம்மி. டீசலையும் கட்டன் சாயாவையும் (பாலில்லாத டீ) மட்டும் 120 நிமிடத்துக்கும் பெனால்டிக்கும் கணக்குப் போடுங்கள். சில கோப்பைகளில் கூடுதல் நேரம் கிடையாது, நேரே பெனால்டிதான். 2023 டூரண்ட் அரையிறுதியில் நந்தகுமார் கடைசி நேரத்தில் சமன் செய்த ஆட்டம் அப்படித்தான் போனது.

டிக்கெட் போடாதீர்கள். வீட்டுச் சந்தா பொதுக் காட்சிக்கானது இல்லை, ஒளிபரப்பும் நிறுவனத்திடம் முன்பே எழுதிக் கேளுங்கள். காவல் நிலையத்திலும் ஒரு மனு.

உட்கார வைப்பதைப் பற்றி ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். கயிறு கட்டி இரண்டு பக்கமாகப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிரித்தால் படை மாதிரி ஆகிவிடும். நடு வரிசைகளை வயதான பெண்களுக்குக் கொடுங்கள், எந்தச் சட்டைக்காரனும் அவர்களைத் தாண்டிக் கை நீட்டமாட்டான். தின்ன மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும், குடிக்கப் போஞ்சி, அதாவது எலுமிச்சைச் சாறு. மோகன் பகான் ஜெயித்தால் கொல்கத்தாவில் இறாலும், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீனும் சமைப்பார்களாம். எங்கள் ஊரில் இறால் கரைக்கு வந்ததும் ஏற்றுமதிக்காரர் தூக்கிக்கொண்டு போய்விடுவார், ஜெயித்தவனுக்கும் சாளை மீன்தான்.

விசில் ஊதியதும் திரையை அணைத்துவிடாதீர்கள். டூரண்டில் ஜெயித்தவர்களுக்கு டூரண்ட் கோப்பை, சிம்லா கோப்பை, குடியரசுத் தலைவர் கோப்பை என்று மூன்று கொடுப்பார்கள். மூன்றையும் தூக்கும்வரை பிள்ளைகள் நகரமாட்டார்கள்.

நாற்காலி அடுக்குவது தோற்ற பக்கத்தின் வேலை என்று ஆட்டத்துக்கு முன்பே மைக்கில் அறிவித்துவிடுங்கள், அப்புறம் பேசினால் எடுபடாது. அன்றைக்கு முந்நூறு நாற்காலி. நானும் அடுக்கினேன். முடித்துவிட்டுக் கேபிள் முனைகளை உலர்ந்த துணியால் துடைத்துச் சுற்றி வையுங்கள், உப்புக்காற்று ஒரே ராத்திரியில் பச்சை பிடிக்க வைத்துவிடும்.