களைப்புக்குத் தகுந்த பாடம்: டியூட்டிக்கு நடுவே முதுகலை படிக்கும் நர்ஸுகளுக்கு

ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன், இது 11-வது வருடம். வீடு சித்தோட்டுக்குப் பக்கம். வீட்டுக்காரருக்குத் தறிக்குடோனில் வேலை, மகள் நாலாம் வகுப்பு, மாமனார் இரண்டு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். இதற்கு நடுவில் இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், தொலைதூர வழியில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) சேர்ந்தேன். இரண்டு வருடப் படிப்பை மூன்று வருடத்தில் முடித்தேன். அந்தக் கூடுதல் ஒரு வருடம் எப்படிப் போனது என்று கீழே சொல்கிறேன். உங்களுக்கு அது மிச்சமாகட்டும்.

எதைப் படிப்பது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். நர்சிங் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக ஆசை என்றால் எம்.எஸ்சி. நர்சிங்தான், வேறு குறுக்கு வழி கிடையாது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி அது இரண்டு வருட முழுநேரப் படிப்பு. பி.எஸ்சி. நர்சிங்கிலோ போஸ்ட் பேசிக்கிலோ 55 சதவீதமும் ஒரு வருட அனுபவமும் வேண்டும். சம்பளத்தை விட்டுவிட்டு இரண்டு வருடம் வீட்டை ஓட்ட முடிகிறவர்கள் தாராளமாகப் போகலாம். என்னால் முடியவில்லை. "வேலையை விடாமலேயே அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. நர்சிங் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது போன் செய்தால், நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். தொலைதூரக் கல்வியில் அதை நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) அனுமதி இல்லை. உளவியல் படிக்கலாம் என்று நினைத்திருந்தவர்களுக்கும் ஒரு செய்தி: 2025 ஜூலைப் பருவத்திலிருந்து அதையும் தொலைதூர வழியில் நடத்தக் கூடாது என்று யூஜிசி சொல்லிவிட்டது. எந்தப் படிப்பானாலும் அந்த வருடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று யூஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். அங்கே டெப் ஐடி என்று ஒன்று எடுக்கச் சொல்வார்கள். அது இல்லாமல் இப்போது சேர முடியாது.

எம்.எஸ்.டபிள்யூ. எதற்கு என்று எங்கள் இன்சார்ஜ் சிஸ்டரே கேட்டார். காரணம் ஐசியூ கதவுக்கு வெளியே கிடக்கும் பெஞ்சுதான். மஞ்சள் காட்டை அப்படியே விட்டுவிட்டு வந்தவர் அந்த பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்திருப்பார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பையில் இருக்கும், அதை யாரிடம் நீட்டுவது என்று தெரியாது. உள்ளே வென்டிலேட்டரைப் பார்க்க எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வெளியே அந்த மனிதரிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சரி, நேரத்துக்கு வருவோம். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. 4 கிரெடிட் தாள் ஒன்றுக்கு 120 மணி, அப்படி நாலு தாளுக்கு 480 மணி. நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்: தினம் விடிகாலை 4 முதல் 6 வரை படித்தால் 240 நாளில் முடிந்துவிடும். கணக்கு சரியாகத்தான் இருந்தது, ஆள்தான் சரியில்லை. இரண்டாவது வாரமே நைட் டியூட்டி வந்தது, விடிகாலை 4 மணிக்கு நான் ஒருவருக்கு சக்‌ஷன் போட்டுக்கொண்டிருந்தேன். பீரோவில் ஒட்டியிருந்த டைம்டேபிளை மகள் கிழித்துக் கப்பல் செய்தாள். நானும் திட்டவில்லை.

டியூட்டி நேரம் மாறிக்கொண்டே இருக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு மணி பார்த்துப் போடும் டைம்டேபிள் ஆகாது. எந்த டியூட்டி எந்த மாதிரிக் களைப்பைத் தருகிறது என்று பார்த்து, அதற்குத் தகுந்த வேலையைப் போடுங்கள். எனக்கு இப்படித்தான் ஒத்துவந்தது.

காலை டியூட்டி எங்களுக்கு 7 முதல் 2 வரை. அதில் வருவது கால் களைப்பு, தலை தெளிவாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, காலைச் சுவரில் தூக்கி வைத்து 20 நிமிடம் படுத்துவிட்டு, மகள் பள்ளி விட்டு வருவதற்குள் ஒரு புதுப் பாடத்தைப் படித்துவிடுவேன். 20 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். தூக்கம் ஒரு மணி நேரம் ஆகிவிட்டால் எழுந்த பிறகு அரை மணிக்கு மண்டை கல்லாகக் கிடக்கும்.

மதிய டியூட்டி 2 முதல் 9. அந்த வாரத்துக் காலை நேரம்தான் தங்கம். மகள் பள்ளிக்குப் போனபின் 9 மணியிலிருந்து 12 வரை. அசைன்மென்ட்டுக்குச் சொந்தமாக யோசித்து எழுத வேண்டிய பதில்களை அந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள். இறுதி மதிப்பெண்ணில் 30 சதவீதம் அசைன்மென்ட்டிலிருந்து வருகிறது, மீதி 70 தேர்வு. அந்த 30-ஐ வீட்டில் உட்கார்ந்தே வாங்கலாம் என்பதால் நான் அதில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

நைட் முடிந்து வரும்போது களைப்பு தலையில் இருக்கும். அன்று பாடம் வேண்டாம். தூங்கி எழுந்து, சாயந்தரம் கை மட்டும் செய்கிற வேலையைச் செய்யுங்கள்: எழுதி முடித்த பதிலை நல்ல தாளில் எடுத்தெழுதுவது, பக்க எண் போடுவது, ஸ்கேன் எடுப்பது.

இன்னொரு களைப்பு உண்டு, அது டியூட்டி சார்ட்டில் இருக்காது. வார்டில் ஒருவர் போய்விட்ட நாள். முதல் வருடம் அப்படிப்பட்ட நாள்களிலும் பிடிவாதமாகப் படித்தேன். அன்றைக்குப் படித்த பக்கங்களைத் திருப்பினால் இன்றைக்கும் அந்தக் கட்டில் எண்தான் ஞாபகத்துக்கு வருகிறது, பாடம் வருவதில்லை. இப்போதெல்லாம் அந்த நாளில் புத்தகத்தைத் தொடுவதில்லை. மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு, மகளுக்குத் தலை பின்னிவிட்டு, நேரத்தோடு படுத்துக்கொள்வேன்.

நைட் முடிந்த பகல் தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கெட்டால் எல்லாமே கெடும். ஜன்னலுக்கு நான் தொங்கவிட்டிருப்பது திரைச்சீலை அல்ல, சென்னிமலைக் கெட்டிப் போர்வை. வெளிச்சம் துளியும் வராது. நைட் டியூட்டியில் டீயை ராத்திரி 2 மணியோடு நிறுத்திவிடுவேன். உள்ளே போன காஃபினில் பாதி கழிய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும், அதனால் விடிகாலை 4 மணிக்குக் குடித்த டீ, தூங்கப் போகும் காலை 9 மணிக்கும் பாதி வேலை செய்துகொண்டிருக்கும். வீட்டுக்கு வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். காலை வெயில் கண்ணில் பட்டால் உடம்பு விடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். தெருவில் ரெண்டு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள்.

நைட் முடிந்து வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள். இதை ஆலோசனையாகச் சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவருடையதைப் போலத் தடுமாறும் என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். நம் நாட்டில் 30 மில்லிகிராமுக்கு மேல் போனாலே வண்டி ஓட்டக் கூடாது. ஒரு தை மாதக் காலையில் ஸ்கூட்டரில் வரும்போது, முன்னால் போன கரும்பு டிராக்டரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சோகை முகத்தில் உரசித்தான் நான் கண் விழித்தேன். அதுவரை ஓட்டி வந்தது யார் என்று எனக்குத் தெரியாது. அன்றோடு நைட் வாரங்களில் ஸ்கூட்டர் வீட்டில் நிற்கிறது.

டவுன் பஸ்ஸில் இன்னொரு லாபம். சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எல்லா நிறுத்தத்திலும் நிற்கும் என்று மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள், எனக்கு அதுதான் வேண்டும். பாடச் சுருக்கத்தை என் குரலிலேயே, தமிழில், பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொல்வதுபோலப் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். போகும்போது கேட்பேன். தேர்வை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் தமிழில் புரிந்துவிட்டால் ஆங்கிலத்தில் எழுத வார்த்தை தானாக வருகிறது. நேராக ஆங்கிலத்திலேயே மனப்பாடம் செய்தால், மூன்றாவது வரியில் வண்டி நின்றுவிடுகிறது.

டியூட்டி நேரத்தில் படிக்காதீர்கள். "நைட்டில் பேஷண்ட் எல்லாம் தூங்கும்போது சும்மாதானே இருப்பே" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அவர்களை ஒரு நைட் கூட்டிப்போய் உட்கார வைக்கத் தோன்றும். புத்தகம் திறந்திருந்தால் மானிட்டர் சத்தம் காதுக்கு ஒரு நொடி தாமதமாகத்தான் வரும். அந்த ஒரு நொடிக்கு நான் பதில் சொல்ல முடியாது.

லீவு விஷயத்தில், சார்ட் போட்ட பிறகு போய் நிற்பதில் பயனில்லை. எங்கள் இன்சார்ஜ் 25-ம் தேதி வாக்கில் அடுத்த மாத சார்ட் போடுவார். நான் 20-ம் தேதியே எனக்கு வேண்டிய நாள்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். கூடவே, யாருக்கும் பிடிக்காத ஒன்றை நானாக எடுத்துக்கொள்வேன்: தீபாவளி நைட், இல்லாவிட்டால் பொங்கல் நைட். வெறும் கையோடு போய் லீவு கேட்டால் "எல்லாருக்கும்தாம்மா கஷ்டம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இதெல்லாம் சுலபம். நம் பக்கத்தில் படிப்புக்கு உண்மையான போட்டி, சொந்தக்காரர் வீட்டுச் சீரும் நோம்பி என்கிற ஊர்த் திருவிழாவும்தான். தையில் ஆரம்பித்தால் கல்யாணம், காதுகுத்து, எழுதிங்கள் சீர், புதுவீடு, கெடாவெட்டு என்று வரிசையாக வரும். எல்லாம் மருத்துவமனையில் சொல்ல முடியாத காரணங்கள், வீட்டில் தட்ட முடியாத அழைப்புகள். ஒரு வருடம் எல்லாவற்றுக்கும் போனேன். மறு வருடம் எதற்கும் போகவில்லை. "படிக்கிற திமிரு" என்று பேர் வாங்கினேன். பிறகு மாமியாரோடு உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். எழவு வீட்டுக்கு நான் கட்டாயம் போவேன், எந்த ஷிஃப்ட்டானாலும். கூடப் பிறந்தவர்கள் வீட்டுச் சீருக்கு முழு நாள் நிற்பேன். மற்றதற்கெல்லாம் வீட்டுக்காரர் மொய் எழுதிவிட்டு வருவார், நான் அடுத்த வாரம் போனில் பேசிக்கொள்வேன். "நீ போகாட்டி என்ன கண்ணு, மொய் நோட்டுல நம்ம பேரு இருந்தாச் சரி" என்றார் அத்தை. அவர் வாயால் அதை வாங்கியது எனக்கு இரண்டு தாள் பாஸ் செய்ததற்குச் சமம்.

சமையலில் சொல்ல அதிகமில்லை. மதிய டியூட்டி வாரம் முழுக்க ராத்திரிக்கு அரிசிம்பருப்பு சாதம். ஒரே குக்கர், மேலே நெய். யாரும் குறை சொன்னதில்லை.

இப்போது அந்தத் தொலைந்த வருடம். ஜூன் தேர்வுக்கு விண்ணப்பம் போடும் கடைசித் தேதி பங்குனி நோம்பியோடு சேர்ந்து வந்தது. ஈரோட்டில் மாரியம்மனுக்குக் கம்பம் நட்டிருந்தார்கள், வீட்டில் விருந்தாளிகள், எனக்கு நைட் வாரம். தேதியைப் போனில்தான் குறித்திருந்தேன். அது அடித்தபோது தூக்கத்தில் அணைத்துவிட்டேன். டிசம்பர் தேர்வுக்குப் போகலாம் என்றால், எம்.எஸ்.டபிள்யூ.வில் கட்டாயமாகச் செய்ய வேண்டிய களப்பணி பாக்கி நின்றது. நான் வேலை பார்க்கும் இடத்திலேயே களப்பணியை முடித்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன், மேற்பார்வை ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு முதியோர் இல்லம் பிடித்து, என் வீக் ஆஃபை எல்லாம் அங்கே கொடுத்தேன். நீங்கள் சேரும் முதல் மாதமே களப்பணி எங்கே, எந்தக் கிழமை என்று கேட்டு முடிவு செய்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு எல்லாக் கடைசித் தேதிகளையும் மாமனாரின் பால் கணக்கு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் தினம் இரண்டு வேளை தவறாமல் திறக்கப்படும் ஒரே நோட்டு அதுதான். லிட்டருக்குப் பக்கத்தில் "அசைன்மென்ட்" என்று சிவப்பு மையில் இருந்தால் மாமனார் கேட்டுவிடுவார்: "ஏனுங்கம்மிணி, இது இன்னிக்குத்தானே?"

தேர்வு வாரத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். முந்தின இரண்டு நாள் நைட் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த லீவை வருடம் முழுக்கச் சேர்த்து வையுங்கள். சில நாள் காலை 10 முதல் 1 ஒரு தாள், 2 முதல் 5 இன்னொரு தாள் என்று வரும். நடுவில் ஒரு மணி நேரம்தான். முதல் தடவை மாமியார் ஆசையாகக் கட்டிக் கொடுத்த அரிசிம்பருப்பு சாதத்தை நெய்யோடு ஒரு பிடி பிடித்துவிட்டு மதியத் தாளில் பாதித் தூக்கத்தில் எழுதினேன். அடுத்த முறை இரண்டு இட்லி, ஒரு கடலை உருண்டை, தண்ணீர் பாட்டில். அத்தைக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.