ஆஸ்பத்திரி கிச்சனில் பாத்திரம் கழுவும் மெஷினை மாற்றப் போகிறீர்களா?

தண்டையார்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரி கிச்சன் என் பொறுப்பில் இருக்கிறது. பழைய மெஷினை எடுத்துவிட்டு, மேல்மூடியைத் தூக்கி இறக்கும் ஹூட் டைப் மெஷின் போட்டிருக்கிறோம். வடசென்னையில் இதே வேலையைக் கையில் எடுப்பவர்களுக்கு இது உதவும்.

ஹோட்டலுக்குத் தட்டு பளிச்சென்று வந்தால் போதும். நமக்கு அது போதாது. டயாலிசிஸ் நோயாளி, பிரசவமானவர், கீமோ எடுத்தவர் எல்லாரும் அதே தட்டுகளில்தான் சாப்பிடுகிறார்கள். மெஷினில் கிருமியைக் கொல்வது கடைசி அலசல் தண்ணீரின் சூடு. அது 82 டிகிரி செல்சியஸில் பாய்ந்தால்தான் தட்டின் மேற்பரப்பு 71 டிகிரியைத் தொடும். விற்பவரிடம் கேட்க வேண்டிய எல்லாக் கேள்வியும் இந்த 82-இல்தான் தொடங்குகிறது.

"மணிக்கு 60 ரேக் கழுவும் சார்" என்பார்கள். ரேக் என்பது பாத்திரங்களை அடுக்கி மெஷினுக்குள் வைக்கும் கூடை. உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள். 120 படுக்கை என்று வையுங்கள். ரேக் 50க்கு 50 சென்டிமீட்டர். குழி வைத்த சாப்பாட்டுத் தட்டு ஒரு ரேக்கில் 8 நின்றால் 15 ரேக். டம்ளர் ரேக்குக்கு 25, ஆக 5 ரேக். ஆளுக்கு இரண்டு கிண்ணம், ரேக்குக்கு 16 என்றால் இன்னும் 15. மொத்தம் 35 ரேக், மதியச் சாப்பாடு முடிந்த ஒரு மணி நேரத்துக்குள். உங்கள் தட்டையே எடுத்துக்கொண்டு போய் ரேக்கில் நிறுத்திப் பாருங்கள். பீங்கான் தட்டுக்காகச் செய்த ரேக்கில் நம் எவர்சில்வர் தட்டு பல நேரம் சரியாக நிற்பதில்லை.

அடுத்து பாய்லர். ஒரு ரேக்கை அலச 3 லிட்டர் தண்ணீர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் சுமார் 30 டிகிரி. அதை 85-க்கு ஏற்ற 6 கிலோவாட் பாய்லருக்கு கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் பிடிக்கும். அதாவது மணிக்கு 30 ரேக், நமக்கு வேண்டிய 35-க்குப் பத்தாது. அதற்கு மேல் ஓட்டினால் வெறும் வெதுவெதுப்பான தண்ணீர்தான் வரும். அதனால் பாய்லர் சூடாகும்வரை அலசலை நிறுத்திவைக்கும் வசதி உள்ள மெஷினையே வாங்குங்கள். பெரிய பாய்லர் என்றால் மூன்று ஃபேஸ் மின்சாரம் வேண்டும். மின்வாரியம் அனுமதித்த லோடு தாங்குமா என்று ஆர்டர் போடும் முன்பே எலக்ட்ரீஷியனைக் கேட்டுவிடுங்கள்.

இனி தண்ணீர். நம் பக்கம் பணம் வீணாவது இங்கேதான். கடலோரப் போர் தண்ணீர் உப்பும் கடினமும் சேர்ந்தது. ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு படிந்தால் சூடு ஏறாது, கம்பியும் எரிந்துபோகும், அலசும் துளைகளும் அடைத்துக்கொள்ளும். தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் கட்டாயம் வேண்டும். கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள், அது கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. சொட்டு விட்டுப் பார்க்கும் ஹார்ட்னஸ் கிட் வாங்கி, சாஃப்ட்னரைத் தாண்டி வரும் தண்ணீரைப் பாருங்கள். கடினத்தன்மை 100 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 100 மில்லிகிராம்) கீழே இருக்க வேண்டும், 50 என்றால் நிம்மதி. மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலக்கும் கட்டடங்களில் இந்த அளவு நாளுக்கு நாள் மாறும். அங்கே வாரம் ஒருமுறை பார்த்தால் பத்தாது. உப்பு போட்டு சாஃப்ட்னரைப் புதுப்பிப்பது (ரீஜெனரேஷன்) யார் வேலை என்று ஒரு ஆள் பெயரைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

இடம் பார்க்கும்போது, எச்சில் பாத்திரம் ஒரு பக்கம் வந்து கழுவியது மறுபக்கம் போக வேண்டும். இரண்டும் ஒரே மேஜையில் சந்திக்கவே கூடாது. ஹூட்டைத் தூக்கினால் மேலே இடிக்காமல் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள், ஆவி வெளியேற எக்ஸாஸ்டும் வேண்டும். கிச்சன் தரைத்தளம் என்றால் மெயின் ஸ்விட்சை உயரத்தில் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் நின்ற தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

மாற்றும் நாட்களில் கைக்கழுவல்தான். மூன்று தொட்டி: சோப்பு, அலசல், கிருமிநீக்கம். மூன்றாவதில் 5 சதவீத ஹைப்போகுளோரைட் (குளோரின் பிளீச் திரவம்) லிட்டருக்கு 2 மில்லி, ஒரு நிமிடம் முக்கி, துணி படாமல் காற்றில் உலரவிட வேண்டும். தேய்க்கும் அக்காமாருக்கு முழங்கையைத் தாண்டும் கையுறை வாங்கிக்கொடுங்கள். பால், முட்டை பட்ட பாத்திரத்தில் முதலிலேயே கொதிநீர் ஊற்றினால் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதை அவர்களே உங்களைவிட நன்றாகச் சொல்வார்கள், மெஷின் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள்.

மெஷின் வந்ததும் கம்பெனி ஆள் காலி ரேக்கை ஓட்டிக் காட்டிவிட்டுக் கையெழுத்து கேட்பார். போடாதீர்கள். 71 டிகிரியில் நிறம் மாறும் ஸ்டிக்கரைத் தட்டில் ஒட்டி, மதிய நெரிசலில் இருபதாவது ரேக்கில் அனுப்புங்கள். அது கறுத்து வந்த பிறகு கடைசித் தவணைப் பணத்தைக் கொடுங்கள்.