மாணவர் குறும்படத்துக்கு எந்த வயதுக்குறி?

வகுப்பறைக்குள் மட்டும் ஓடும் படத்துக்கு வயதுக்குறியை நீங்களே முடிவு செய்யலாம்; புதுச்சேரி அரங்கில் பொதுமக்களுக்குத் திரையிட்டால் தணிக்கைச் சான்றிதழ் தேவை. 2024 திரைப்படச் சான்றிதழ் விதிகளில் யு, யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+, ஏ, எஸ் என ஆறு பிரிவுகள். யு எல்லோருக்கும். யுஏ தடையல்ல, அந்த வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பெற்றோருக்கான எச்சரிக்கை. ஏ 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்; எஸ் மருத்துவர் போன்ற குறிப்பிட்ட துறையினருக்கு மட்டும்.

திரைக்கதையை வைத்து முடிவெடுப்பதுதான் வழக்கமான தவறு. ஒலிக்கலவை முடிந்த படத்தை ஓடவிட்டு ரத்தம், வசவு, புகை, மது, பாலுறவுக் குறிப்பு, திகில் எங்கெங்கே வருகின்றன என்று நிமிடக் கணக்கோடு எழுதுங்கள். மீன்பிடித் துறைமுகத்தில் வெறும் தள்ளுமுள்ளு என்றால் 7+ போதலாம். அதே காட்சியில் கத்தி இறங்கும் சத்தமும் அலறலும் சேர்ந்தால் 16+ பக்கம் போய்விடும். சராசரி பார்க்காதீர்கள், கடுமையான காட்சியே அளவுகோல். பாட்டு வரிகளும் சப்டைட்டிலும் கணக்கில் சேரும். ஐயமிருந்தால் ஒரு படி மேலே போடுங்கள்.