கோபேயை ஒரே நாளில் பார்ப்பது எப்படி: மலையில் தொடங்கி கடலில் முடிக்கும் நடை

துறைமுக நகரம் என்றதும் பலர் ஜப்பானின் கோபேயில் நேராகத் துறைமுகத்துக்குப் போய்விடுவார்கள். மதியத்துக்கு மேல் கிடானோ மேட்டில் ஏறும்போது கால் கடுக்கும். துறைமுகத்தில் விளக்கு எரியும் நேரத்தில் ஊரின் மறுகோடியில் நிற்பார்கள். வடக்கே ரொக்கோ மலைத்தொடர், தெற்கே ஓசாகா வளைகுடா, நடுவில் இரண்டு மூன்று கிலோமீட்டர் அகலத்துக்கு நகர மையம். ஆகவே மேலே தொடங்குங்கள், இறங்கிக்கொண்டே வாருங்கள்.

வழி தெரியாவிட்டால் தரையின் சாய்வைப் பாருங்கள்: மேடு வடக்கு, பள்ளம் தெற்கு. உள்ளூர்க்காரர்களும் 'மலைப் பக்கம்', 'கடல் பக்கம்' என்றுதான் வழி சொல்வார்கள். பெரிய கடைகளுக்குள் இருக்கும் பலகைகளிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். மலையைக் குறிக்கும் எழுத்து நிமிர்த்தி வைத்த திரிசூலம் மாதிரி இருக்கும். அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

படி 1: சரியான ஸ்டேஷனில் இறங்குங்கள்

கோபே என்றே ஒரு ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ஸ்டேஷன் உண்டு. காலையில் அங்கே இறங்காதீர்கள். நகரத்தின் மையம் சன்னோமியா. ஓசாகாவின் உமேதாவிலிருந்து ஹான்க்யூ அல்லது ஹான்ஷின் ரயிலில் அரை மணி நேரம், 330 யென். ஜேஆர் சற்று வேகம், சற்று விலையும் கூட. சன்னோமியா லாக்கரில் பையை வைத்துவிட்டு, சுரங்க ரயிலில் ஒரே ஸ்டாப், ஷின்-கோபே. ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் வந்தால் நேராக ஷின்-கோபேயிலேயே இறங்குவீர்கள். அப்போதும் பையை அங்கே வைக்காதீர்கள், மாலையில் அதற்காகத் திரும்ப மேலே வர வேண்டியிருக்கும்.

படி 2: நுனோபிகி அருவி (காலை 9 மணி)

ஸ்டேஷனின் கீழ்த்தளத்தில் தண்டவாளத்துக்கு அடியில் புகுந்து பின்பக்கம் வந்தால் பாதை தொடங்குகிறது. படிக்கட்டில் கால் மணி நேரம் ஏறினால் 43 மீட்டர் உயர ஒந்தாகி அருவி. புல்லட் ரயில் நிலையத்தின் முதுகிலேயே இப்படி ஓர் அருவி! மழை பெய்த மறுநாள் கல்படி வழுக்கும், செருப்பு போதாது. தெம்பிருந்தால் இன்னும் மேலே போய் 1900-இல் கட்டிய அணையையும் பார்க்கலாம். கான்கிரீட் ஈர்ப்பு அணைகளில் ஜப்பானுக்கு அதுதான் முதல்.

படி 3: கிடானோ (10:30)

அருவியிலிருந்து இறங்கி மேற்கே கால் மணி நேரம் நடந்தால் கிடானோ. 1868 ஜனவரி 1 அன்று துறைமுகம் வெளிநாட்டவருக்குத் திறக்கப்பட்ட பிறகு, வியாபாரிகள் குடியேறிய மேடு இது. பழைய வீடுகள் ஒவ்வொன்றுக்கும் தனி டிக்கெட். எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்கிவிட்டு நான்காவது வீட்டிலேயே சலித்துப்போகிறவர்கள் அதிகம். இரண்டு போதும். 1909-இல் ஒரு ஜெர்மானிய வியாபாரிக்காகக் கட்டிய செங்கல் வீட்டின் உச்சியில் காற்றுத்திசை காட்டும் சேவல் நிற்கும், அது அவற்றில் ஒன்றாக இருக்கட்டும்.

இன்னும் கீழே இறங்கினால் ஜப்பானின் முதல் பள்ளிவாசல், 1935. கட்டப் பணம் தந்தவர்களில் இந்திய வணிகர்கள் முக்கியமானவர்கள். 1923 நிலநடுக்கத்தில் யோகோஹாமா நாசமானபோது அங்கிருந்த இந்திய வியாபாரிகள் பலர் இங்கே பெயர்ந்தார்கள். 1945 குண்டுவீச்சில் சுற்றுப்புறம் எரிந்தும், 1995 நிலநடுக்கத்திலும் கட்டடம் நின்றது. பக்கத்திலேயே 1985-இல் எழுந்த வெள்ளைப் பளிங்குச் சமணக் கோயில். முத்து வியாபாரம் இந்தச் சமணக் குடும்பங்கள் பலவற்றை இங்கே நிறுத்திவைத்த தொழில். இரண்டு இடத்திலும் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

படி 4: மதியச் சாப்பாடு

சைவம் என்றால் கிடானோ வட்டாரத்து இந்திய உணவகங்களிலேயே முடித்துக்கொள்வது நல்லது. கீழே போனால் காய்கறி மட்டும்போலத் தெரியும் சூப்பிலும் மீன் சாறு கலந்திருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதாது, "தாஷி வேண்டாம்" என்றும் சொல்லுங்கள், அந்தச் சாறுதான் தாஷி.

கோபே மாட்டிறைச்சி சாப்பிட வந்தவர்களுக்கு: கோபே என்பது முத்திரையின் பெயர். ஹியோகோ மாகாணத்தில் பிறந்து வளர்ந்த தாஜிமா இன மாடு, தரத்தில் தேறினால் மட்டுமே அந்த முத்திரை கிடைக்கும். சந்தேகமிருந்தால் 10 இலக்க மாட்டு எண்ணைக் கேளுங்கள், உண்மையான கடையில் காட்டுவார்கள். 'வாக்யு' (ஜப்பானிய மாட்டிறைச்சி) என்று மட்டும் போட்ட பலகை கோபே ஆகாது. இரவைவிட மதிய செட் மலிவு.

படி 5: கடலை நோக்கி (2 மணி)

இகுதா கோயில் வழியாக இறங்குங்கள். அந்தக் கோயிலுக்கு ஊழியம் செய்த குடிகளைக் குறித்த சொல்தான் கோபே என்ற பெயரானது. அடுத்து பழைய வெளிநாட்டவர் குடியிருப்பு, அதை ஒட்டி நான்கின்மாச்சி என்ற சீனத் தெரு. பெயருக்குத்தான் சைனாடவுன், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

மெரிக்கன் பார்க்கில் மட்டும் அவசரப்படாதீர்கள். 'அமெரிக்கன்' என்பது ஜப்பானியர் வாயில் 'மெரிக்கன்' ஆனது. பூங்காவின் ஓரத்தில், 1995 ஜனவரி 17 காலை 5:46-க்கு உடைந்த கப்பல்துறையில் 60 மீட்டரை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். கான்கிரீட் பாளம் பாளமாகச் சரிந்து நீரில் கிடக்கிறது, விளக்குக் கம்பங்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கின்றன. அந்த நிலநடுக்கத்தில் 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். உலகின் முன்னணி கன்டெய்னர் துறைமுகங்களில் ஒன்றாக இருந்த கோபேயின் சரக்கு புசான் போன்ற துறைமுகங்களுக்குப் போனது. துறையைச் சரிசெய்த பிறகும் அதில் பெரும்பகுதி திரும்பவில்லை.

சேக் என்ற அரிசி மதுவில் ஆர்வமிருந்தால் இந்தப் படியைச் சுருக்கிக்கொண்டு, ஹான்ஷின் ரயிலில் சுமியோஷி போய் நாதா பகுதி மதுக்கூட அருங்காட்சியகம் ஒன்றைப் பார்க்கலாம். இரும்புச் சத்து மிகக் குறைந்த மியாமிசு நீர்தான் நாதாவின் மூலதனம், இரும்பு சேர்ந்தால் சேக்கின் நிறமும் ருசியும் கெடும். விரைவு ரயில்கள் ஹான்ஷின் சுமியோஷியில் நிற்காது, சாதாரண ரயிலில் ஏறுங்கள். அதே பெயரிலுள்ள ஜேஆர் ஸ்டேஷன் மேட்டில் தள்ளியிருக்கிறது. நாலு மணிக்குள் உள்ளே போய்விட வேண்டும். 20 வயதுக்குக் கீழே இருந்தால் ருசிபார்க்கத் தர மாட்டார்கள்.

படி 6: அந்தி

குளிர்காலத்தில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டும், ஜூனில் ஏழேகால் ஆகும். அதற்கு அரை மணி முன்னால் நீரின் மறுகரையில் உள்ள மொசாயிக் கடைத்தொகுதியின் மரத்தளத்தில் இடம்பிடியுங்கள். எதிரே 1963-இல் கட்டிய 108 மீட்டர் போர்ட் டவர், சிவப்புக் குழாய்களால் கட்டிய உடுக்கை. கோபுரத்தின் மேலே ஏறிவிட்டால் படத்தில் கோபுரம் இருக்காது, அதனால் கீழேயே நில்லுங்கள். தெற்கே திரும்பினால் கவாசாகி கப்பல் தளம். ஜப்பானின் நீர்மூழ்கிகளைக் கட்டுவது கவாசாகியும் மிட்சுபிஷியும்தான், இரண்டு தளமும் இந்த ஊரிலேயே. நேரம் வாய்த்தால் கறுப்பு முதுகொன்று நீருக்கு மேலே தெரியும்.

திரும்பிப் போக, காலையில் இறங்க வேண்டாம் என்று சொன்ன அதே கோபே ஸ்டேஷன் இங்கிருந்து பத்து நிமிட நடை. ஷின்கைசோகு என்ற விரைவு ரயிலில் ஓசாகா 25 நிமிடம். லாக்கரில் பை இருப்பதை மறந்துவிடாமல் வழியில் சன்னோமியாவில் இறங்குங்கள்.