புள்ளி விழுந்து பிழைத்ததெல்லாம் தாய்மீன் ஆகாது

போன மாதம் நுவரெலியா மலையில் அம்பேவெல பக்கத்தில் மீன் வளர்க்கும் தம்பி ஒருவர் போன் பண்ணினார். வெள்ளைப்புள்ளி நோயில் அவருடைய தொட்டியில் பாதி ட்ரவுட் மீன் செத்துவிட்டது. "மிச்சம் நிக்கிறதெல்லாம் நோயைத் தாங்கின மீன் அண்ணே, இதுகளையே முட்டை எடுக்கிற தாய்மீனா வைக்கப் போறேன்" என்றார். எனக்குப் பகீரென்றது. ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொன்னேன். நோய் தாங்கும் பரம்பரையைத் தேடும்போது விடும் தவறுகளைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பிழைத்த மீனை எதிர்ப்புள்ள பரம்பரை என்று நம்புவது

வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் வளர்கிறது. முற்றியதும் கழன்று விழுந்து, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கில் பெருகி மறுபடி மீனைத் தேடி வருகிறது. தண்ணீர் சூடாக ஆக இந்தச் சுற்று வேகமாகும். இதில் ஒரு முறை அடிபட்டுத் தப்பிய மீனின் உடம்பு அந்தக் கிருமியை அடையாளம் கண்டுகொள்ளும். அடுத்த முறை நோய் வந்தாலும் லேசாகப் போய்விடும். ஆனால் அது அந்த மீன் பட்டுச் சம்பாதித்தது. பரம்பரையாகக் குஞ்சுக்கு இறங்காது.

எனக்கு இது தெரியவில்லை. பிழைத்தவற்றைப் பொத்திப் பொத்தி வளர்த்தேன். நோயே படாத பக்கத்துத் தொட்டி மீன்களை ஹோட்டலுக்கு விற்றேன். ரெயின்போ வகை ட்ரவுட்டின் பெண் மீன் முட்டைக்கு வர மூன்று வருடம் வரை ஆகிறது. 10 பாகை குளிரில் முட்டை பொரிக்க இன்னொரு மாதம். அடுத்த வெயில் காலத்தில் பீலித் தண்ணீர் குறைந்து சூடானதும் குஞ்சுகள் பழையபடியே செத்து மிதந்தன. மூன்று வருடத் தீனிக் காசு போனது ஒரு பக்கம். விற்ற தொட்டியில் நல்ல பரம்பரை ஒன்று இருந்திருக்குமோ என்ற எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு ஜோடியின் முட்டையையும் தனித் தட்டில் பொரிக்க வையுங்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் கொஞ்சம் குஞ்சை மட்டும் எடுத்து, ஒதுக்குப்புறத் தொட்டியில் நோய் பட விடுங்கள். எந்தக் குடும்பத்தில் சாவு குறைவு என்று எண்ணுங்கள். அந்தக் குடும்பத்தின் நோய் படாத உடன்பிறப்புகள்தான் தாய்மீன். பட்டுப் பிழைத்தவை கிருமியையும் சுமந்து வரலாம்.

தட்டில் ஜோடி எண் எழுதாமல் விடுவது

எழுதுங்கள்.

ஒரு நோயைத் தாங்கினால் எல்லாவற்றையும் தாங்கும் என்பது

தாங்காது.

கலப்பின் முதல் தலைமுறையைப் பார்த்து மயங்குவது

சுழல் நோய் என்று ஒன்று உண்டு. சேற்றுப் புழு வழியாக வரும் ஒட்டுண்ணி குஞ்சின் குருத்தெலும்பைத் தின்கிறது. வால் கறுத்து, குஞ்சு சுற்றிச் சுற்றி நீந்தும். 1990களில் அமெரிக்காவின் கொலராடோ ஆறுகளில் ரெயின்போ குஞ்சுகளை இது அழித்தது. ஜெர்மனியின் ஹோஃபர் வகை ரெயின்போ தலைமுறை தலைமுறையாக அந்த நோயோடு பண்ணையில் வாழ்ந்து தாங்கும் வகை. பிற்பாடு அதைக் கொலராடோ வகையோடு கலந்தார்கள். முதல் கலப்பு நன்றாகத் தாங்கியது. ஆனால் அதற்கப்புறம் வரும் தலைமுறைகளில் ஒரே குடும்பத்துக்குள்ளேயே ஒன்று தாங்கும், ஒன்று தாங்காது. அதனால் ஒவ்வொரு தலைமுறையையும் புதிதாகச் சோதிக்க வேண்டும்.

பிரவுன் வகை ட்ரவுட்டை வைத்து ரெயின்போவைக் கணிப்பது

நம் மலைக்கு வெள்ளைக்காரர் முதலில் கொண்டுவந்தது பிரவுன், அப்புறம் ரெயின்போ. பிரவுன் ஐரோப்பாவில் சுழல் நோயோடு கூடவே வளர்ந்த இனம், ஓரளவு தாங்கும். பசிபிக் கரையிலிருந்து வந்த ரெயின்போவுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

தம்பியிடம் நோய் படாத தொட்டி ஒன்று இன்னும் இருக்கிறது. அதை விற்க வேண்டாம் என்று கெஞ்சிச் சொல்லியிருக்கிறேன். ஜோடி பிரிக்க வெள்ளிக்கிழமை நானே போகிறேன்.