லத்தீன் ‘ஃபெரோ’வை பிடிக்கிறது எப்படி

லத்தீன் படிக்க ஆரம்பிச்சவங்க துலித்னு ஒரு சொல்லை டிக்‌ஷனரில தேடித் தேடி கடுப்பாவாங்க, ஏன்னா அது ஃபெரோங்கிற (சுமக்கிறேன், கொண்டு வர்றேன்) வினைக்கு கீழ ஒளிஞ்சிருக்கும். அதனால முதல் வேலை, நாலு வடிவத்தையும் ஒரே மூச்சுல மனப்பாடம் பண்ணிடுங்க: ஃபெரோ (சுமக்கிறேன்), ஃபெர்ரே (சுமக்க), துலீ (சுமந்தேன்), லாத்தும் (சுமக்கிறதுக்கு). (லாத்தும் நடுவுல வர்ற த-வை நாம மெத்துனு சொல்லிடுவோம்னுதான் த்து போட்டேன், லத்தீன்ல அது ஒத்தை த தான்.) இங்கிலீஷ்ல கோ, வென்ட்டா மாறுற மாதிரி இதுவும் ரெண்டு வேர் ஒட்டின கேஸ், துலீயும் லாத்தும்-மும் தூக்குறதுங்கிற அர்த்தம் உள்ள தொல்லோவோட சொந்தக்காரங்க. ஃபெர்-க்கு உறவான வேர் சமஸ்கிருதத்துலயும் இருக்கு, அங்கருந்து வந்ததுதான் நாம சொல்ற பாரம்.

நிகழ்காலத்துல, நான், நீ, அவன், நாம, நீங்க, அவங்க வரிசைல, ஃபெரோ, ஃபெர்ஸ், ஃபெர்த், ஃபெரிமுஸ், ஃபெர்திஸ், ஃபெருன்த். ஃபெர்ஸ், ஃபெர்த், ஃபெர்திஸ் மூணுலயும் நடுவுல வரவேண்டிய இகரம் காணாம போயிருக்கும், கட்டளையா சொன்னா வெறும் ஃபெர், அவ்ளோதான். மத்தபடி மூணாவது குரூப் (தர்ட் காஞ்சுகேஷன்) வினை மாதிரியே போகும், பயப்பட ஒண்ணுமில்ல.

அர்த்தம்தான் நிஜமான தலைவலி. எல்லா புக்லயும் ‘கேரி’னு ஒண்ணு போட்டிருப்பான், அதை மட்டும் பிடிச்சிக்கிட்டா பாதி வாக்கியம் உளறலா தெரியும். என்னைக் கேட்டா வினையைப் பாக்காதீங்க, அது எதை ஃபெரோ பண்ணுதுன்னு முதல்ல பாருங்க. ஆக்வாம் ஃபெரோன்னா தண்ணி கொண்டு வர்றேன். தொலோரெம் ஃபெரோன்னா வலியைத் தாங்கிக்கிறேன், பாரத்துக்கும் வலிக்கும் நாம ஒரே ‘தாங்கு’வைத்தானே போடுறோம், அதனால இது நமக்கு இங்கிலீஷ் வழியா போறத விட ஈசி. லேகெம் ஃபெர்ரேன்னா சட்டம் கொண்டு வர்றது, அதாவது ரோம்ல மக்கள் சபை முன்னாடி ஒரு சட்டத்தை ஓட்டுக்கு வைக்கிறது, இதையும் வார்த்தைக்கு வார்த்தை அப்படியே தமிழ்ல சொல்லலாம். ஔக்ஸிலியும் ஃபெர்ரேன்னா உதவிக்கு வர்றது. நிலமோ மரமோ எழுவாயா வந்தா விளையுது, காய்க்குதுன்னு எடுத்துக்கோங்க. வியா, அதாவது ரோடு வந்தா, ரோடு அந்தப் பக்கம் போகுதுன்னு அர்த்தம். ஐக்ரே ஃபெர்ரேன்னு சேர்ந்து வந்தா ஒரு விஷயத்தை மனசு ஏத்துக்காம சங்கடப்படுறது.

ரொம்ப பேர் சறுக்குறது ஃபெருன்த் (சுமக்கிறாங்க), ஃபெர்த்தூர் (சுமக்கப்படுது) ரெண்டுலயும்தான். யார் தூக்குறாங்க, எதைத் தூக்குறாங்கன்னே தெரியாது, பக்கத்துல ஒரு இன்ஃபினிட்டிவ் (ஃபெர்ரே மாதிரி, வர, சாகங்கிற வடிவம்) வேற உக்காந்திருக்கும். அப்படி வந்தா அது ‘னு சொல்றாங்க’, இல்லன்னா நம்ம ஆம் விகுதி: வந்தாராம், செத்தாராம். பழைய கதை சொல்றப்ப எழுத்தாளர் நான் கேரண்டி இல்லப்பான்னு ஒதுங்கிக்கிற இடம் அது, இங்கிலீஷ்ல இதுக்கு நாலு வார்த்தை வேணும், நமக்கு ஒரு விகுதி போதும். இன்னொண்ணு, செயப்பாட்டு வினையா ஃபெர்ரீன்னு வந்து ஆளோ ஆறோ எழுவாயா இருந்தா, வேகமா பாயுறதுன்னு அர்த்தம் வரலாம்.

சும்மா மூட்டை சுமக்கிறதை மட்டும் எழுதணும்னா போர்த்தோ போடுங்க, அது ஒழுங்கான முதல் குரூப் வினை, தொல்லை கிடையாது.

முன்னொட்டு சேர்ந்ததை எல்லாம் தனியா உருப்போட வேண்டாம், நம்ம வாய்ல ஏற்கனவே இருக்கு: ஆஃபர், ரெஃபர், ட்ரான்ஸ்ஃபர், கான்ஃபரன்ஸ். ட்ரான்ஸ்ஃபரும் ட்ரான்ஸ்லேட்டும் ஒரே வினையோட ரெண்டு பக்கம், ஒண்ணு ஃபெர், இன்னொண்ணு லாத். முன்னொட்டோட கடைசி எழுத்து மட்டும் அடிக்கடி உருமாறும், அட் சேர்ந்தா அத்துலீ, அல்லாத்தும்னு ஆயிடும், அப் சேர்ந்தா ஔஃபெரோ, அப்ஸ்துலீ, அப்லாத்தும். சுஸ்துலித், சுப்லாத்துஸ் ரெண்டையும் பாத்துட்டு ஃபெரோ குடும்பம்னு நினைச்சிடாதீங்க, அதுங்க பெரும்பாலும் தொல்லோவோடது, தூக்கினான் இல்ல ஒழிச்சுக் கட்டினான்னு படிங்க.