வடை நம்முடையது, சட்னி அவர்களுடையது: பி43 வைஃபைக்கு டெப் பேக்கேஜ் கட்டுவது எப்படி?

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் வழியில் ஒரு ட்யூஷன் சென்டர் இருக்கிறது. ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் நடத்துகிறார். யாரோ கொடுத்த எட்டு பழைய லேப்டாப்புகளுக்கு டெபியன் 12 (லினக்ஸில் ஒரு வகை) போட்டுக் கொடுத்துவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் அஸ்தம்பட்டி வந்து சேர்வதற்குள் போன் வந்துவிட்டது.

“தம்பி, வைஃபையே காட்ட மாட்டேங்குதுப்பா. ஒரு பேரும் வரல.”

டெபியன் 12 வந்தது 2023 ஜூனில். அதிலிருந்து இன்ஸ்டாலரோடு ஃபர்ம்வேரும் சேர்ந்தே வருகிறதே, பிறகென்ன என்று கேட்பீர்கள். வருகிறதுதான். ஆனால் அந்த லேப்டாப்புகளில் இருந்த பழைய பிராட்காம் கம்பெனி வைஃபை கார்டுக்கு மட்டும் வராது. அதற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை, லைசென்ஸ். டெப் பேக்கேஜை (டெபியனில் மென்பொருளைக் கட்டித் தரும் பொட்டலம்) எத்தனை துண்டாக வெட்டுவது, எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்வதும் அந்த லைசென்ஸ்தான்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

டிரைவர் வேறு, ஃபர்ம்வேர் வேறு

வைஃபை கார்டுக்குள்ளேயே ஒரு குட்டி ப்ராசசர் உண்டு. எப்போது அனுப்புவது, பதில் வராவிட்டால் எவ்வளவு நேரத்தில் மறுபடி அனுப்புவது என்று மைக்ரோ விநாடிக் கணக்கில் நடக்கும் வேலை அதனுடையது. அதற்கான நிரலைப் பல கார்டுகளில் நிரந்தரமாகப் பதித்து வைப்பதில்லை. மெஷின் ஆன் ஆகும் ஒவ்வொரு முறையும் டிரைவர்தான் ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுத்துக் கார்டுக்குள் ஏற்ற வேண்டும். டிரைவர் ஓடுவது உங்கள் சிபியுவில். ஃபர்ம்வேர் ஓடுவது கார்டில்.

பி43 என்பது அந்த பிராட்காம் கார்டுகளுக்கான டிரைவர். பிராட்காம் தகவல் தராத காலத்தில், அவர்களுடைய டிரைவரை ஆராய்ந்து தன்னார்வலர்கள் எழுதியது. 2008 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.24இல் கர்னலுக்குள் (லினக்ஸின் மையப் பகுதி) வந்தது. அது முழுக்கத் திறந்த மூலம். கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் மட்டும் பிராட்காமின் சொத்து.

படி 1: கார்டு எது?

எல்எஸ்பிசிஐ -என்என்கே

என்று அடியுங்கள். ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்ற வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள் இருக்கும். டீச்சரின் லேப்டாப்பில் வந்தது 14இ4:4315. முதல் பாதி 14இ4 என்றால் பிராட்காம். இரண்டாம் பாதி கார்டின் மாடல். 4315 என்றால் பிசிஎம்4312. ஐடியும் மாடல் நம்பரும் ஒன்றல்ல, இதில் குழம்பாதவர் இல்லை. லேப்டாப் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் நம்ப வேண்டாம். ஒரே மாடலில் இரண்டு விதக் கார்டு வைத்து விற்றதைப் பார்த்திருக்கிறேன்.

படி 2: கர்னல் எதைத் தேடுகிறது?

சூடோ டிஎம்இஎஸ்ஜி | கிரெப் பி43

‘பி43/யூகோட்15.எஃப்டபிள்யூ கிடைக்கவில்லை’ என்ற பொருளில் ஒரு வரி வரும். அதோடு ‘பி43-ஓப்பன்’ என்ற அடைவிலும் தேடிப் பார்த்ததாக இன்னொரு வரி. அது இத்தாலியின் பிரெஷா பல்கலைக்கழகத்தில் எழுதிய திறந்த ஃபர்ம்வேருக்கான இடம். நல்ல முயற்சி, ஆனால் சில பழைய கார்டுகளுக்கு மட்டும்தான் ஆகும். நம் 4315க்கு ஆகாது.

கர்னல் தேடும் இடங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் /லிப்/ஃபர்ம்வேர்/அப்டேட்ஸ், கடைசியில் வெறும் /லிப்/ஃபர்ம்வேர். நம் ஃபைல்கள் போய் உட்கார வேண்டிய இடம் /லிப்/ஃபர்ம்வேர்/பி43. வேறு டிரைவராக இருந்தால் ‘மோட்இன்ஃபோ -எஃப் ஃபர்ம்வேர்’ என்று (எஃப் மட்டும் பெரிய எழுத்து) அடித்துப் பக்கத்தில் டிரைவர் பெயரைக் கொடுங்கள். அதற்கு என்னென்ன ஃபைல் வேண்டும் என்று சொல்லிவிடும்.

படி 3: லைசென்ஸைப் படியுங்கள்

இதைத் தாண்டிக் குதித்துத்தான் நான் முதல் தடவை மாட்டினேன். ஃபர்ம்வேர் ஃபைல்களை அப்படியே டெப்புக்குள் திணித்து, நாலு பேருக்கு அனுப்பியும் விட்டேன். “லைசென்ஸைப் படிச்சியா?” என்று ஒரு நண்பர் கேட்டபோது முழித்தேன். அத்தனை பேரிடமும் அழிக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

செவ்வாய்ப்பேட்டையில் நின்று தட்டுவடை செட்டு சாப்பிட்டவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தட்டுவடையையும் பீட்ரூட் துருவலையும் யார் வேண்டுமானாலும் வாங்கி அடுக்கலாம். ருசி சட்னியில் இருக்கிறது. ஒரு கடைக்கார அக்கா சட்னியின் பக்குவத்தையே சொல்லிக் கொடுப்பார். இன்னொருவர் பக்குவம் சொல்ல மாட்டார், ஆனால் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து “உங்க கடையிலயும் வெச்சு வித்துக்குங்க” என்பார். மூன்றாமவர், “இங்க வந்து சாப்பிடுங்க, பார்சல் கிடையாது” என்பார்.

முதல் அக்கா, ஏத்9கே_எச்டிசி என்ற வைஃபை டிரைவர் மாதிரி. ஃபர்ம்வேரின் மூல நிரலே கிடைக்கிறது. முழுச் சுதந்திர மென்பொருளுக்கான டெபியனின் ‘மெயின்’ பகுதியிலேயே வைக்கலாம். இரண்டாமவர் இன்டெல், ரியல்டெக் வகை. மூலம் தர மாட்டார்கள், பைனரியை அப்படியே பகிர அனுமதிப்பார்கள். இவற்றுக்காகத்தான் 2022 அக்டோபரில் முடிந்த டெபியன் வாக்கெடுப்புக்குப் பிறகு ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்ற தனிப் பகுதி வந்தது. பி43 மூன்றாவது கடை. பார்சல் கிடையாது. பேக்கேஜுக்குள் ஃபர்ம்வேர் இருக்கக் கூடாது. கடைக்கு வழி காட்டும் ஸ்கிரிப்ட் மட்டும் இருக்கலாம். அப்படிப்பட்ட வழிகாட்டிப் பேக்கேஜுக்கு இடம் ‘கான்ட்ரிப்’. அதாவது, தான் சுதந்திர மென்பொருள்தான், ஆனால் சுதந்திரமில்லாத ஒன்றை நம்பி நிற்கிறது.

கர்னல் மட்டும் எப்படி மெயினில் இருக்கிறது என்று கேட்கலாம். அது எந்த ஃபர்ம்வேர் பேக்கேஜையும் ‘டிபென்ட்ஸ்’ என்று கட்டாயப்படுத்துவதில்லை. மெயினில் உள்ளது வெளியே உள்ளதை டிபென்ட்ஸ் என்றோ ரெகமென்ட்ஸ் என்றோ சொல்லக் கூடாது. ‘சஜஸ்ட்ஸ்’ வரை பரவாயில்லை.

படி 4: பேக்கேஜின் எலும்புக்கூடு

டெபியனில் ஏற்கெனவே ‘ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்’ இருக்கிறது. அது போதுமானால் அதையே போட்டுக்கொண்டு போய்விடுங்கள். நாம் கட்டுவது கற்றுக்கொள்ளவும், மலைமேல் நெட் இல்லாத இடத்துக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளவும்தான்.

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல் டெவ்ஸ்கிரிப்ட்ஸ் டெப்ஹெல்பர் லின்டியன்

‘ஏற்காடு-பி43’ என்று ஒரு அடைவு, அதற்குள் ‘டெபியன்’ என்று இன்னொன்று. அதில் கன்ட்ரோல் ஃபைலின் முக்கிய வரிகள் இவை:

செக்‌ஷன்: கான்ட்ரிப்/கர்னல்
பில்ட்-டிபென்ட்ஸ்: டெப்ஹெல்பர்-காம்பேட் (= 13)
ஆர்க்கிடெக்சர்: ஆல்
டிபென்ட்ஸ்: பி43-எஃப்டபிள்யூகட்டர், டபிள்யூகெட், சிஏ-சர்டிஃபிகேட்ஸ்
கான்ஃப்ளிக்ட்ஸ்: ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்

கடைசி வரி ஏன்? இரண்டு பேக்கேஜும் ஒரே அடைவில் ஒரே பெயரில் எழுதும். இரண்டும் சேர்ந்து இருந்தால் எது எழுதியது என்று யாருக்கும் தெரியாது.

சேஞ்ச்லாகை ‘டிசிஎச் --கிரியேட்’ உருவாக்கிக் கொடுக்கும். ரூல்ஸ் ஃபைல் மூன்றே வரி. மூன்றாவது வரிக்கு முன்னால் இருப்பது டேப், ஸ்பேஸ் இல்லை. காப்பிரைட் ஃபைலில் நம் ஸ்கிரிப்டின் லைசென்ஸை எழுதுங்கள். இறக்கப்போகும் ஃபர்ம்வேர் இந்தப் பேக்கேஜில் இல்லை என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

படி 5: ஃபர்ம்வேரைப் பிரித்தெடுக்கும் ஸ்கிரிப்ட்

உயிர் இங்கேதான். பிராட்காமின் 5.100.138 பதிப்பு டார் ஃபைலுக்குள் ‘லினக்ஸ்’ என்ற அடைவில் டபிள்யூஎல்_ஏபிஎஸ்டிஏ.ஓ என்றொரு ஃபைல் இருக்கும். அதை வெட்டி ஃபர்ம்வேரை எடுப்பது பி43-எஃப்டபிள்யூகட்டர்:

பி43-எஃப்டபிள்யூகட்டர் -டபிள்யூ /லிப்/ஃபர்ம்வேர் டபிள்யூஎல்_ஏபிஎஸ்டிஏ.ஓ

இந்தக் கருவி எதைக் கொடுத்தாலும் வெட்டாது. தனக்குத் தெரிந்த ஃபைல்களின் எம்டி5 (ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு எண்) பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அதில் இல்லாததைக் கொடுத்தால் மறுத்துவிடும். ‘-எல்’ கொடுத்தால் பட்டியலைக் காட்டும். அது இருக்கிறதே என்று நம் சோதனையை விட்டுவிடாதீர்கள். இறக்கிய டார் ஃபைலை எஸ்எச்ஏ256சம் கொண்டு சரிபார்த்த பிறகே பிரிக்க வேண்டும். அந்தச் செக்சம் வரியில் எண்ணுக்கும் ஃபைல் பெயருக்கும் நடுவே இரண்டு இடைவெளி விடுங்கள்.

என் ஸ்கிரிப்ட் வேலை செய்யும் வரிசை இது. முதலில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்ஆர்சியில் டார் ஃபைல் ஏற்கெனவே கிடக்கிறதா என்று பார்க்கும். இருந்து, செக்சமும் பொருந்தினால் நெட்டைத் தொடவே தொடாது. இல்லாவிட்டால்தான் டபிள்யூகெட். இறக்குவதும் பிரிப்பதும் ‘எம்கேடெம்ப் -டி’ தரும் தற்காலிக அடைவில். எல்லாம் சரியாக முடிந்த பிறகே /லிப்/ஃபர்ம்வேரில் கை வைக்கும். இறக்கும்போதோ பிரிக்கும்போதோ கரண்ட் போனாலும் அரைகுறை ஃபைல் அங்கே போய் உட்காராது.

இதை டெபியன் அடைவில் உள்ள ‘இன்ஸ்டால்’ ஃபைல் வழியாக /யூஎஸ்ஆர்/எஸ்பின்னுக்கு அனுப்பிவிடுங்கள். பேக்கேஜ் போட்டதும் ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் அதை அழைத்தால் போதும்.

படி 6: போஸ்ட்இன்ஸ்ட், போஸ்ட்ஆர்எம்

ஏன் தனி ஸ்கிரிப்ட், எல்லாவற்றையும் போஸ்ட்இன்ஸ்டிலேயே எழுதினால் என்ன? எழுதினேன். மலைமேல் ஒரே பனிமூட்டம், போனில் சிக்னல் ஒரு கோடு. வைஃபை இல்லாத லேப்டாப்புக்கு யூஎஸ்பி டெதரிங்தான் கதி (இதற்கு ஃபர்ம்வேர் வேண்டாம், நினைவில் வையுங்கள்). டபிள்யூகெட் பாதியில் அறுந்தது. ஸ்கிரிப்ட் 1 (தோல்வி) என்று சொல்லி வெளியேறியது. பேக்கேஜ்களைப் போடும் கருவியான டிபிகேஜி, இதை அந்தரத்தில் நிறுத்திவிட்டது. ‘டிபிகேஜி -எல்’ அடித்தால் வரியின் முன்னால் ‘ஐஎஃப்’ என்று வரும். பாதி கான்ஃபிகர் ஆனது என்று அர்த்தம். அதன் பிறகு ஆப்டில் எதைப் போட்டாலும் இது மறுபடி முளைத்துத் தடுக்கும்.

“என்ன தம்பி, நான் தமிழ் ஃபான்ட் போடப் போனா வைஃபையத் திட்டுது?” என்று டீச்சர் கேட்டார். நியாயமான கேள்வி.

அதனால் இப்போது போஸ்ட்இன்ஸ்டில் ‘கான்ஃபிகர்’ கட்டத்தில் ஸ்கிரிப்டை அழைக்கிறேன். தோற்றால், ‘ஃபர்ம்வேர் இன்னும் வரவில்லை, நெட் வந்ததும் இந்தக் கட்டளையை ஓட்டுங்கள்’ என்று தமிழில் ஒரு வரி காட்டிவிட்டு 0 என்று வெளியேறும். தோல்வியை மறைக்கிறாய் என்று சிலர் சண்டைக்கு வரலாம். வைஃபைக்காக ஒரு மெஷினின் மொத்த ஆப்டையும் முடக்குவது எனக்குச் சம்மதமில்லை.

பேக்கேஜை நீக்கும்போது ஓடும் போஸ்ட்ஆர்எம் மறக்கக் கூடாதது. நம் ஸ்கிரிப்ட் எழுதிய ஃபைல்களை டிபிகேஜிக்குத் தெரியாது. ‘டிபிகேஜி -எஸ்’ என்று பெரிய எழுத்தில் கேட்டாலும் சொந்தக்காரர் இல்லை என்றுதான் சொல்லும். ஆகவே பேக்கேஜை நீக்கும்போது /லிப்/ஃபர்ம்வேர்/பி43ஐ நாமேதான் துடைக்க வேண்டும்.

படி 7: கட்டி, உள்ளே பாருங்கள்

டிபில்ட் -யூஎஸ் -யூசி

முடிந்ததும் ஒரு அடைவு மேலே டெப் ஃபைல் இருக்கும். பேக்கேஜில் தவறு தேடும் லின்டியன் சொல்வதைப் படியுங்கள். பிறகு ‘டிபிகேஜி-டெப் -சி’ கொடுத்து உள்ளே இருப்பதை வரிவரியாகப் பாருங்கள். எஃப்டபிள்யூ என்று முடியும் ஃபைல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நான் இரண்டு தடவை பார்ப்பேன்.

போடுவதற்கு முன் சோர்சஸ் பட்டியலில் ‘கான்ட்ரிப்’ இருக்கிறதா பாருங்கள். நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேரைச் சேர்த்துவிட்டு கான்ட்ரிப்பை விட்டுவிடுபவர்கள் அதிகம். எஃப்டபிள்யூகட்டர் அங்கேதான் இருக்கிறது. மலைக்குப் போகும் முன் அதன் டெப்பையும் இறக்கிப் பென்டிரைவில் வையுங்கள். அதைப் பகிரத் தடையில்லை. ஃபர்ம்வேர் டார் ஃபைலை மட்டும் நான் கொண்டு போவதில்லை. டீச்சர் சேலம் வந்த அன்று, ஐந்து ரோடு பக்கம் அவர் மகள் வீட்டு நெட்டில், அவரே தன் பென்டிரைவில் இறக்கிக்கொண்டார்.

கர்னலுக்கு வெளியே உள்ள டிரைவராக இருந்தால்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தனியாக எழுத வேண்டிய விஷயம். டிரைவர் மூலத்தை டிகேஎம்எஸ் பேக்கேஜாகக் கட்டுங்கள். கர்னல் மாறும்போதெல்லாம் அதுவே மறுபடி கம்பைல் ஆகும். ‘டிகேஎம்எஸ்.கான்ஃப்’ ஃபைலில் ஆட்டோஇன்ஸ்டாலுக்கு ‘யெஸ்’ கொடுக்க வேண்டும். கர்னல் ஹெடர்கள் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால் கையொப்பமில்லாத மாட்யூலைக் கர்னல் ஏற்காது. ஃபர்ம்வேர் எப்போதும்போல வேறு பேக்கேஜ்தான்.

படி 8: ஏற்றிப் பாருங்கள்

சூடோ மோட்ப்ரோப் -ஆர் பி43
சூடோ மோட்ப்ரோப் பி43

மறுபடி டிஎம்இஎஸ்ஜி. ‘ஃபர்ம்வேர் வெர்ஷன் 666.2’ என்று ஒரு வரி வந்தால் கார்டு உயிர் பெற்றுவிட்டது. வராவிட்டால், முன்பு யாராவது ‘பிராட்காம்-எஸ்டிஏ’ போட்டிருந்தார்களா பாருங்கள். அது பி43ஐ பிளாக்லிஸ்ட் செய்துவிடும். ஃபர்ம்வேர் ஏறியும் நெட்வொர்க் பெயர்கள் தெரியவில்லை என்றால் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’. ‘ஹார்டு பிளாக்டு: யெஸ்’ என்றிருந்தால் லேப்டாப்பின் ஓரத்தில் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். டீச்சரின் ஐந்தாவது லேப்டாப்பில் அரை மணி நேரம் அந்த ஸ்விட்சில்தான் போனது.

ஏழு லேப்டாப் முடிந்தன. எட்டாவதில் எல்எஸ்பிசிஐ 10இசி என்று காட்டியது. ரியல்டெக், அதாவது பாட்டில் சட்னி. ‘ஃபர்ம்வேர்-ரியல்டெக்’ என்று ஆப்டில் ஒரே வரி. அது முடிவதற்குள் டீச்சர் மிளகு தட்டிப் போட்டு ஒரு காபி கொண்டு வந்து வைத்தார்.